கோட்டையை விட்டவரும், உயிரை விட்டவரும்!



'என்னடா, இப்படி கோட்டை விட்டுட்டியே!'

இந்த டயலாக்கை ஒரு தடவையாவது வாங்காம காலேஜை முடிச்சவங்க யாராவது உண்டா? லேப் ரெக்கார்டு சப்மிஷன்ல ஆரம்பிச்சு, கேம்பஸ் இன்டர்வியூவின் கடைசி ரவுண்டு வரைக்கும் நாம விடாத கோட்டையா? இந்த வாரம் நிஜமாவே கோட்டை விட்ட ஆளுங்களைப் பார்க்கப் போறோம். இடம், செஞ்சி. விழுப்புரம் மாவட்டம். திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலைக்கு பஸ்ல போறப்ப தூக்கக் கலக்கத்துல ஜன்னல் வழியா எட்டிப் பார்த்திருப்பீங்களே... யாரோ லாரி லாரியா பாறாங்கல்லைக் கொட்டிட்டு அள்ள மறந்துட்டுப் போன மாதிரி சில மலைங்க. அதேதான்!

அந்த மலைங்களுக்கு மேல ஒரு கதை இருக்கு. அதுக்குக் கீழே இன்னொரு கதை இருக்கு. ரெண்டுலயும் ஹீரோ நம்ம வயசுப் பையன். ஒருத்தருக்கு 19, இன்னொருத்தருக்கு 22. ஒருத்தர் கோட்டையை விட்டார். இன்னொருத்தர் உயிரை விட்டார். ஊர் பாடறது ஒருத்தரை மட்டும்தான். ஏன்?

முதல்ல இடத்தைச் சுத்திப் பார்த்துடுவோம், வாங்க.

மூணு மலை, பதிமூணு கிலோமீட்டர் சுவர்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி (இதை சந்திராயன் துர்க்கம்னும் சொல்வாங்க). முக்கோணமா நிக்கிற மூணு மலைங்களையும் கல் சுவரால இணைச்சிருக்காங்க. சுவரோட மொத்த நீளம் கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர். உள்ளே இருக்கிற பரப்பு சுமார் 11 சதுர கிலோமீட்டர். ஒரு ஊரையே அப்படியே தூக்கி உள்ளே வைக்கலாம். ஒரு காலத்துல வெச்சும் இருந்தாங்க. 1597-ல இங்கே வந்த நிக்கோலஸ் பிமென்டாங்கிற ஏசு சபைப் பாதிரியார், 'எங்க போர்ச்சுகல்ல லிஸ்பனை விட்டா இவ்வளவு பெரிய ஊர் கிடையாது'ங்கிற அர்த்தத்துல எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார். இன்னிக்கு அந்த ஊர் இருந்த இடத்துல ஆடு மேயுது.

மூணுல பெரியண்ணன் ராஜகிரி. சுமார் 800 அடி உயரம். உச்சியில இருக்கிற பாறைதான் விஷயமே. பக்கவாட்டுல செங்குத்தா இறங்குது, ஏற முடியாது. படிக்கட்டு வழியா மூச்சிரைக்க மேலே வந்து, 'அப்பாடா, வந்தாச்சு'ன்னு நினைக்கிறப்ப எதிர்ல ஒரு பிளவு. பாறை ரெண்டா பிளந்து, கீழே கிடுகிடு பள்ளம். இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் கோட்டை வாசல். நடுவுல ஒரு சின்னப் பாலம். அந்தக் காலத்துல அங்கே இருந்தது மரப்பாலம். எதிரி வந்தா உள்ளே இழுத்துக்குவாங்க. அவ்வளவுதான். கீழே லட்சம் பேர் நின்னாலும் அண்ணாந்து பார்த்துட்டு நிக்க வேண்டியதுதான்.

சரி, முற்றுகை போட்டா மேலே இருக்கிறவன் தாகத்துல சாக மாட்டானா? அங்கேதான் ஒரு இன்ஜினீயரிங் மாணவனா எனக்கு விசில் அடிக்கத் தோணுச்சு. மலையில வத்தாத சுனைகள் இருக்கு. மழைத் தண்ணியைப் பிடிச்சு வைக்கத் தொட்டிகள் இருக்கு. கீழே, அரண்மனை வளாகத்துல 'கல்யாண மகால்'னு கூம்புக் கூரையோட அடுக்கடுக்கா ஒரு கோபுரம் நிக்குது. சுடுமண் குழாய் வழியா அதோட மேல் மாடி வரைக்கும் தண்ணி போயிருக்கு. மோட்டார் கிடையாது, கரன்ட் கிடையாது. உயரத்துல இருக்கிற குளத்துத் தண்ணி, குழாய்க்குள்ள இறங்கி, தன் மட்டத்தைத் தேடி மறுபடி ஏறுது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல முதல் யூனிட்லயே வர்ற சமாச்சாரம். நாம ரெண்டு மார்க் கேள்விக்குப் படிச்சுட்டு மறந்துட்டோம். அவங்க அதை வெச்சுக் குளிச்சிருக்காங்க!

பக்கத்துலயே நெற்களஞ்சியம், உடற்பயிற்சிக்கூடம், குதிரை லாயம், யானைக் குளம். உள்ளே ஒரு ரங்கநாதர் கோயில், ஒரு வேங்கடரமணர் கோயில், ஒரு மசூதி. மசூதியை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

ஆட்டுக்காரர் கட்டின ஆரம்பம்

கோட்டைன்னு ஒண்ணு இருந்தா, அதுல புதையல் கதை ஒண்ணு கண்டிப்பா இருக்கணும்ல? இருக்கு.

சுமார் 1200-ஐ ஒட்டி, ஆனந்தக் கோன்னு ஒரு இடையர் தலைவர். மலையில ஆடு மேய்க்கிறப்ப ஒரு பொந்துல புதையல் கிடைச்சுதாம். நாமளா இருந்தா முதல்ல பைக் வாங்கியிருப்போம். அவர் மலையைச் சுத்தி சுவர் கட்டினார். மலைக்கு ஆனந்தகிரின்னு தன் பேரையே வெச்சார். அதுதான் இன்னிக்கு ராஜகிரி. அவர் வழியில வந்த கிருஷ்ணக் கோன் பேர்ல பக்கத்து மலை கிருஷ்ணகிரி ஆச்சு. காலின் மெக்கன்சி தொகுத்த சுவடிகள் மூலமா இந்தக் கதை நம்ம வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு.

ஊர்ப் பேருக்கும் ஒரு கதை உண்டு. ஏழு கன்னிமார்ல ஒருத்தி செஞ்சியம்மன். அவ பேர்தான் ஊருக்குன்னு சொல்றாங்க. இன்னொருத்தி கமலக்கண்ணி. ராஜகிரி ஏறுற வழியிலயே அவளுக்குக் கோயில் இருக்கு. ராஜாக்கள் வந்தாங்க, போனாங்க. இவ மட்டும் இடத்தைக் காலி பண்ணலை.

கோன்களுக்கு அப்புறம் குறும்பர், விஜயநகரம், நாயக்கர்கள்னு கை மாறிச்சு. நாம இன்னிக்குப் பார்க்கிற பிரமாண்டத்துல பெரும்பங்கு நாயக்கர்கள் காலத்து வேலை. 1649-ல பீஜப்பூர் சுல்தான் படை பிடிச்சது. 1677-ல சத்ரபதி சிவாஜி பிடிச்சார். பிடிச்ச கையோட சுவரை இன்னும் பலப்படுத்தினார். தன் நாட்டுல இருந்து இவ்வளவு தூரத்துல எதுக்குய்யா ஒரு கோட்டைன்னு அன்னிக்கு யாராவது நினைச்சிருக்கலாம். பதில் பன்னிரண்டு வருஷம் கழிச்சு வந்தது.

பத்தொன்பது வயசுல ஒரு ஓட்டம்

1689. சிவாஜி இறந்து ஒன்பது வருஷம் ஆச்சு. மூத்த மகன் சம்பாஜியை அவுரங்கசீப் பிடிச்சுக் கொன்னுட்டார். தலைநகர் ராய்கட்டை முகலாயப் படை சுத்தி வளைக்குது. அரியணையில உட்கார வேண்டிய அடுத்த ஆள், இளைய மகன் ராஜாராம். வயசு 19. நம்ம செகண்ட் இயர்!

'மானம் பெரிசா, உயிர் பெரிசா?'ன்னு சினிமாவுல கேட்பாங்களே, அந்த இடம். ராஜாராம் ஓடினார்.

ஆமா, ஓடித்தான் போனார். யாத்ரீகர் வேஷத்துல, கொஞ்சம் ஆட்களோட, தக்காணத்தைத் தாண்டி. வழியில கெளதி நாட்டு ராணி சென்னம்மா அவருக்குப் பாதுகாப்பு கொடுத்து அனுப்பி வெச்சாங்க. அவுரங்கசீப்பைப் பகைச்சுக்கிறோம்னு தெரிஞ்சே செஞ்ச காரியம் அது. வருஷக் கடைசியில ராஜாராம் செஞ்சி வந்து சேர்ந்தார். அப்பா வாங்கிப் போட்ட கோட்டை, மகனுக்கு வீடாச்சு. மராட்டிய அரசுக்கே தலைநகராச்சு.

விடுவாரா அவுரங்கசீப்? 1690-ல தளபதி சுல்பிகர் கானை அனுப்பினார். முற்றுகை தொடங்கிச்சு. ஒரு மாசம், ரெண்டு மாசம் இல்லை... ஏழு வருஷத்துக்கு மேல! பி.இ. நாலு வருஷம்னா, ரெண்டு டிகிரி முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு செமஸ்டர்தான் பாக்கி.

இந்த ஏழு வருஷத்துல நடந்த கூத்தை மெகா சீரியலாவே எடுக்கலாம். வெளியே இருந்து மராட்டியத் தளபதிகள் சாந்தாஜியும் தனாஜியும் முகலாயர்களுக்கு வர்ற சாப்பாட்டையும் சரக்கையும் வழியிலேயே மடக்கினாங்க. முற்றுகை போட்டவங்களுக்கே முற்றுகை! உதவிக்கு வந்த அவுரங்கசீப்போட கடைக்குட்டி மகன் காம்பக்ஷ், கோட்டைக்குள்ள இருக்கிற ராஜாராமோட ரகசியமா பேச ஆரம்பிச்சுட்டார்னு தெரிஞ்சு, முகலாயத் தளபதிகளே இளவரசரைக் கைது பண்ணினாங்க. சுல்பிகர் கான் வேணும்னே இழுத்தடிக்கிறார்னும் ஒரு பேச்சு கிளம்பிச்சு.

கடைசியில 1698 தொடக்கத்துல கோட்டை விழுந்தது. ஆனா, யாருக்காக இவ்வளவும் நடந்ததோ அந்த ராஜாராம் உள்ளே இல்லை. மறுபடி தப்பிச்சுட்டார். இதுக்கு ஒரு விலையும் இருந்தது. அவரோட குடும்பம் முகலாயர் கையில சிக்கிச்சு. அதை மறைச்சுட்டுப் பேசினா நியாயம் இல்லை.

ராஜாராம் அதுக்கப்புறம் ரெண்டு வருஷம்தான் உயிரோட இருந்தார். 1700-ல, முப்பது வயசுல உடம்பு முடியாம இறந்தார். அவர் மனைவி தாராபாய் போரைத் தொடர்ந்தாங்க. 1707-ல அவுரங்கசீப் இறக்கறப்ப, மராட்டியரை ஒழிச்சுக் கட்டற வேலை முடியாமலே கிடந்தது. தென்கோடியில ஒரு கோட்டை ஏழு வருஷம் மூச்சைப் பிடிச்சு நின்னதுக்கும் அதுல பெரிய பங்கு உண்டு.

இந்த ஆளுக்கு நம்ம ஊர்ல ஒரு பாட்டு உண்டா? நான் கேட்டதில்லை. செஞ்சின்னா நம்ம எல்லாருக்கும் வேற ஒரு பேர்தான் ஞாபகம் வரும்.

'தேசிங்கு ராஜா' ரிலீஸ்!

தேசிங்கு. தாத்தா, பாட்டி கதையில வந்தவர். தெருக்கூத்துல வந்தவர். 1960-ல எம்.ஜி.ஆர். நடிச்ச 'ராஜா தேசிங்கு' படத்துல வந்தவர். பைக்கை முறுக்குறவனைப் பார்த்து 'பெரிய தேசிங்கு ராஜா!'ன்னு இன்னிக்கும் நாம சொல்றோமே, அவர்தான்.

கதைப்பாடல் என்ன சொல்லுது? டெல்லி பாதுஷாகிட்ட யாருக்கும் அடங்காத ஒரு குதிரை. அதை அடக்கப் போன தேசிங்கோட அப்பாவால முடியலை, சிறையில போட்டுட்டாங்க. அப்பாவைத் தேடி மகன் போறான். குதிரை மேல ஏறுறான். அடக்குறான். குதிரையும் கிடைக்குது, அப்பாவும் கிடைக்கிறார், பேரும் கிடைக்குது. இன்ட்ரோ சீன்னா இப்படி இருக்கணும்!

வரலாறு என்ன சொல்லுது? அதுல குதிரை கிடையாது பாஸ், பேப்பர்தான் இருக்கு.

செஞ்சியைப் பிடிச்ச அப்புறம், 1700-ல முகலாயர்கள் அதை ஸ்வரூப் சிங்னு ஒரு புந்தேலா ராஜபுத்திரர் பொறுப்புல விட்டாங்க. அவர் இறந்ததும், மகன் தேஜ் சிங் வடக்கே புந்தேல்கண்ட்ல இருந்து கிளம்பி வந்து, 1714-ல பதவியில உட்கார்ந்தார். தேஜ் சிங்தான் நம்ம வாயில தேசிங்கு ஆனார். அப்போ ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான். அவர் தரப்புல ரெண்டு கேள்வி.

ஒண்ணு: 'உங்கப்பா கட்ட வேண்டிய கப்பப் பாக்கி எங்கே?'

ரெண்டு: 'நீ உட்கார யார் அனுமதி கொடுத்தா?'

'அவுரங்கசீப் கொடுத்த உத்தரவு எங்ககிட்ட இருக்கு'ன்னார் தேசிங்கு. 'அவர் செத்துப் பல வருஷம் ஆச்சு. இப்போ இருக்கிற பாதுஷாகிட்ட புதுப்பிச்சியா?'ன்னாங்க. அதாவது, ஒரு அரியர், ஒரு ரினியூவல். நம்ம காலேஜ் ஆபீஸ் ஜன்னல்ல தினமும் நடக்கிற அதே பேச்சு! அங்கே ஃபைன் கட்டினா முடிஞ்சுடும். இங்கே பீரங்கி வந்தது.

1714 அக்டோபர் 3. தேசிங்குகிட்ட இருந்தது சில நூறு பேர். எதிர்ல பல ஆயிரம் பேர். சமாதானமாப் போயிடலாம்னு சொன்ன பெரியவங்களை அவர் கேட்கலை. கோட்டைக்குள்ள கதவைச் சாத்திட்டு உட்காரவும் இல்லை. ஏழு வருஷம் முகலாயரைத் தடுத்து நிறுத்தின கோட்டை, சுனையும் களஞ்சியமும் பாலமும் இருக்கிற கோட்டை, முதுகுக்குப் பின்னாடி நிக்குது. அவர் வெளியே வந்தார். மழைக்காலம், ஆத்துல வெள்ளம். அதைக் குதிரையில தாண்டிப் போய் மோதினார். அன்னிக்கே இறந்தார். வயசு 22. ஆட்சி ஒரு வருஷம்கூட முழுசா முடியலை.

கூடவே அவரோட உயிர்த்தோழன் மகபத் கானும் இறந்தார். கதைப்பாடல்ல இவர் பேர் மோவுத்துக்காரன். ஓலை வந்தப்போ இவர் தன் சொந்தக் கல்யாணத்துல இருந்தாராம். மணமேடையில இருந்து எழுந்து, நீலவேணிக் குதிரை மேல ஏறி, நேரா போர்க்களத்துக்கு வந்துட்டார்னு பாட்டு சொல்லுது. செஞ்சிக்குப் பக்கத்துல நீலாம்பூண்டியில அவரோட சமாதி இருக்கு. குதிரைக்கும் அங்கேயே சமாதி.

இந்த இடத்தை நான் கொஞ்ச நேரம் யோசிச்சுப் பார்த்தேன். தேசிங்கு புந்தேல்கண்ட்ல இருந்து வந்தவர். வந்து ஒரு வருஷம்கூட ஆகலை. கூட இறந்தவர் முஸ்லிம் நண்பர். எதிரில நின்ன நவாபும் முஸ்லிம்தான். இந்த ரெண்டு பேரையும், 'இவங்க யாரு, எந்த ஊரு, எந்த சாமி'ன்னு எதுவும் கேட்காம நம்ம கிராமத்து ஜனங்க தன் வீட்டுப் பிள்ளைங்களா எடுத்துக்கிட்டு முன்னூறு வருஷமாப் பாடறாங்க. ஜெயிச்ச நவாப், கோட்டைக்குள்ளயே ஒரு மசூதி கட்டினார், 1717-18ல. நான் ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அதுதான். அழகான கட்டடம். ஆனா அவருக்குப் பாட்டு இல்லை. கல்லு ஜெயிச்சவருக்கு, பாட்டு தோத்தவருக்கு!

பாட்டுல பேசாத பொண்ணு

இன்னொருத்தரும் இருக்காங்க. தேசிங்கோட மனைவி. ராணிபாய்னு பாட்டு சொல்லுது. அவங்களும் இளவயசுதான். செட்டிக்குளம் கரையில ஒரு மேடை இருக்கு. தேசிங்கை எரிச்ச இடம், அவங்க உடன்கட்டை ஏறின இடம்னு காட்டுறாங்க. அவங்க நினைவாத்தான் நவாப் 'ராணிப்பேட்டை'ன்னு ஒரு ஊருக்குப் பேர் வெச்சார்னு சொல்வாங்க. ஆமா, நம்ம தோல் தொழிற்சாலை ராணிப்பேட்டைதான்.

ஒரு பொண்ணு பேர்ல ஊரே இருக்கு, பெருமைதானேன்னு தோணலாம். கேர்ள்ஸ் ஹாஸ்டல்ல இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்க. 'அவங்களை யாராவது கேட்டாங்களா?'ன்னுதான் முதல் கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஆத்தைத் தாண்டறது தேசிங்கோட முடிவு. அந்த முடிவோட விலையை அவங்களும் சேர்த்துக் கட்டினாங்க. முன்னூறு பேர் கட்டினாங்க, ஐந்நூறு பேர் கட்டினாங்க. பேரில்லாத அந்த சிப்பாய்களுக்கும் வீடு இருந்திருக்கும், வாசல்ல யாரோ காத்துக்கிட்டு இருந்திருப்பாங்க.

அப்புறம் கோட்டை என்னாச்சு?

சுருக்கமா சொல்லிடறேன். 1750 செப்டம்பர்ல, புஸ்ஸி தலைமையில வந்த பிரெஞ்சுப் படை ஒரே ராத்திரியில செஞ்சியைப் பிடிச்சது. ஏழு வருஷம் நின்ன அதே சுவர், அதே பள்ளம், அதே பாலம். ஆனா ஒரே ராத்திரி! சுவர் ஒண்ணுதான், உள்ளே நிக்கிற ஆளைப் பொறுத்துதான் அதோட பலம்.

1761-ல புதுச்சேரி விழுந்த கையோட செஞ்சியும் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. இடையில ஹைதர் அலி படை 1780-ல பிடிச்சது. அப்புறம் யாருக்குமே அது தேவைப்படலை. பீரங்கி வளர வளர, மலைக்கோட்டைக்கு மவுசு போயிடுச்சு. மக்கள் கிளம்பிட்டாங்க. மரமும் செடியும் குரங்கும் குடிவந்துச்சு.

வேங்கடரமணர் கோயில்ல இருந்து அழகான தூண்களைப் பிரெஞ்சுக்காரங்க பெயர்த்துக்கிட்டுப் போனாங்க. எங்கே போச்சுன்னு தேட வேண்டாம். பாண்டிச்சேரி பீச்ல காந்தி சிலையைச் சுத்தி உயரமா கல் தூண்கள் நிக்குதே, ஃப்ரெண்ட்ஸோட வரிசையா நின்னு போட்டோ எடுத்திருப்பீங்களே... அதெல்லாம் செஞ்சியில இருந்து போனதுதான்.

2025 ஜூலைல 'இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்'ங்கிற பேர்ல 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. பதினொண்ணு மகாராஷ்டிராவுல. பன்னிரண்டாவது நம்ம செஞ்சி. இவ்வளவு தூரத்துல இருக்கிற ஒரு தமிழ்நாட்டுக் கோட்டை அந்த லிஸ்ட்ல ஏன்னு கேட்டா, பதில் சிவாஜி பிடிச்ச 1677-லயும், அந்தப் பத்தொன்பது வயசுப் பையன் ஓடி வந்த 1689-லயும் இருக்கு. பாட்டுல இடம் கிடைக்காத ராஜாராமுக்கு, கோட்டை தன் பங்குக்கு ஒரு இடம் வாங்கிக் கொடுத்துடுச்சு.

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம்

ரெண்டு பேர். ஒரே கோட்டை. இடையில கால் நூற்றாண்டு. ரெண்டு பேருக்கும் எதிர்ல ஜெயிக்கவே முடியாத படை.

ஒருத்தர் ஓடினார், ஒளிஞ்சார், இழுத்தடிச்சார், கோட்டையைக் கை விட்டார். பார்க்க அழகா இல்லை. போஸ்டர் ஒட்ட முடியாது. ஆனா அவர் உயிரோட இருந்த ஒவ்வொரு நாளும் எதிர்ல இருந்தவங்களுக்குத் தலைவலி. இன்னொருத்தர் வெள்ளத்துல குதிரையை இறக்கினார். அந்த ஒரு காட்சிக்கு முன்னூறு வருஷம் கைதட்டல்.

தேசிங்கோட வீரத்தை நான் குறைச்சு மதிப்பிடலை. அந்தப் பாட்டு வர்ற இடத்துல எனக்கும் சிலிர்க்குது. ஆனா இருபது, இருபத்திரெண்டு வயசுல 'இப்பவே, இங்கேயே எல்லாம் முடிவாகணும்'னு தோணுமே... அந்த வேகத்தைப் பத்தித்தான் பேசறேன். தேசிங்குக்கு வந்தது ஒரு பாக்கி நோட்டீஸ். பேசியிருக்கலாம், தவணை கேட்டிருக்கலாம், டெல்லிக்கு ஆள் அனுப்பியிருக்கலாம், ஒண்ணும் இல்லைன்னா பாலத்தை இழுத்துக்கிட்டு உச்சியில உட்கார்ந்திருக்கலாம். அதுக்குன்னே கட்டின கோட்டை அது. அவமானம் தாங்காம கதவைத் திறந்துக்கிட்டு வெளியே வந்துட்டார்.

செமஸ்டர் ரிசல்ட் வர்ற ராத்திரி ஹாஸ்டல் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும். சில ரூம்ல ஆட்டம் பாட்டம். சில ரூம்ல லைட்டே எரியாது. அந்த இருட்டு ரூமுக்குள்ள இருக்கிறவனுக்கு நாலு அரியர், நாலாயிரம் குதிரைப் படை மாதிரி தெரியும். 'வீட்டுல எப்படி முகத்தைக் காட்டுவேன்'ங்கிற ஒரே கேள்விதான் தலைக்குள்ள ஓடும். அவன்கிட்ட போய் நாம வீரத்தைப் பத்திப் பேச வேண்டாம். செஞ்சியில ஒருத்தர் ஏழு வருஷம் தாக்குப்பிடிச்ச கதையைச் சொல்லுங்க. ஓடலாம், ஒளியலாம், ஒரு வருஷம் போனாலும் பரவாயில்லை, உயிரோட இருந்தா அடுத்த கோட்டைன்னு ஒண்ணு இருக்கும்னு சொல்லுங்க. கதை சொல்ல வரலைன்னா பரவாயில்லை. கதவைத் தட்டி, 'வாடா, டீ குடிச்சுட்டு வரலாம்'னு கூப்பிடுங்க. மகபத் கான் மாதிரி கூடச் சேர்ந்து சாகிற நண்பன் பாட்டுக்கு நல்லா இருக்கும். நமக்கு வேண்டியது, குதிரைக் கடிவாளத்தைப் பிடிச்சு நிறுத்தற நண்பன்!

செஞ்சி போறவங்க கவனத்துக்கு...

* சென்னையில இருந்து சுமார் 160 கிலோமீட்டர். செஞ்சிக்குள்ள ரயில் கிடையாது. திண்டிவனம் வரைக்கும் ரயில்ல வந்து பஸ் பிடிக்கலாம்.

* ராஜகிரியைக் காலையிலேயே ஏறி முடிச்சுடுங்க. வெயில் ஏறிட்டா, பாறை தோசைக்கல் ஆயிடும். தண்ணி பாட்டில் கட்டாயம்.

* தின்பண்டத்தைக் கையில வெச்சுக்கிட்டு நடக்காதீங்க. அங்கே இப்போ ஆட்சி குரங்குப் படை கையில. கப்பம் கட்டாம விடாதுங்க.

* ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்க. ராஜகிரியோட திரும்பிடாம கிருஷ்ணகிரியும் ஏறிப் பாருங்க. கீழே வேங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் மசூதி, செட்டிக்குளம் மேடை மூணையும் விட்டுடாதீங்க.

* கடைசியா ஒண்ணு. சுவர் முழுக்க ஆணியால கீறின பேர்கள். இதயம், அம்பு, இன்ஷியல், பேட்ச் நம்பர் சகிதமா. ஆனந்தக் கோன் தன் பேரை மலைக்கே வெச்சார். அதையே ஊர் மாத்திடுச்சு. 'சுரேஷ் லவ்ஸ் எஸ்' எத்தனை நாளைக்கு இருக்கும்? கீறின கல்லு மட்டும் அப்படியே பாழாக் கிடக்கும். பேர் நிக்கணும்னா அதுக்கு வேற வழி நிறைய இருக்கு மக்களே!

அடுத்த வாரம் இன்னொரு மலை, இன்னொரு கதை. அதுவரைக்கும் எதை வேணா கோட்டை விடுங்க. நம்பிக்கையை விட்டுடாதீங்க!